நல்ல வீட்டுக்கு நல்ல பொருள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்த பழமொழி. இரண்டிலும் பணம் கரையும் என்பதைச் சொல்லவே பெரும்பாலோர் இதனை எடுத்தாளுவர். ஆனால் இவ்விரண்டுக்கும் பொதுவான வேறொரு தன்மையும் உண்டு. இரண்டிலும் தேர்ந்தெடுக்கும் காலத்தில் காட்டாத கவனத்தைப் பின்னால் எத்தனை வருந்தினாலும் காட்ட இயலாது. சுவருக்குள் புகுந்த செங்கல்லையும், கூரைக்குள் மறைந்த கம்பியையும் மீண்டும் வெளியே எடுத்துப் பார்ப்பார் யார்? ஆதலின், பொருள் முற்றத்தில் வந்து இறங்கும் அந்த ஒரு நாழிகையே வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்தில் என்ன பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி மாணவர்களாகிய உங்களோடு இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

இதனைப் பொதுப்படையாகச் சொல்வதைவிட, நான் கண்ணால் கண்ட ஒரு வீட்டை வைத்துச் சொல்வது நலமென்று எண்ணுகிறேன். அந்த வீடு சவ்வாது மலையில் உள்ள புதூர்நாட்டில் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை வழியே அங்குச் செல்லவேண்டும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று அப்பக்கத்தில் மூன்று நாடுகள் உண்டு. 2019-ஆம் ஆண்டு வரை வேலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, இப்பொழுது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயரேயன்றி, கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் அம்மலையின் செல்வங்கள்.

என் நண்பர் ஒருவர் அந்நாட்டு உழவர். ஆண்டில் சில மாதங்கள் கன்னட நாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்று கூலி வேலை செய்து, பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு காரை வீடு கட்டத் துணிந்தார். நான் பொறியியல் பயிற்றும் ஆசிரியனாக இருந்தவன் என்பதை அறிந்து, "ஐயா, ஒருமுறை வந்து பொருளையெல்லாம் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லியனுப்பினார். ஐப்பசி மாதக் கடைசியில், தூறலும் பனியுமாக இருந்த ஒரு காலைப் பொழுதில் நான் அங்குச் சென்று சேர்ந்தேன்.

அவர் அப்பொழுது குடியிருந்தது மண் வீடு. மூங்கிலையும் மரக்கழிகளையும் நட்டு, செம்மண் அப்பி, சாணம் மெழுகி, மேலே புல் வேய்ந்தது. இத்தகைய வீட்டை இழிவாக எண்ணலாகாது. வெயிலில் குளிர்ச்சியாகவும் குளிரில் வெதுவெதுப்பாகவும் இருக்கும் அறிவு அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கூரைப்புல்லை அடிக்கடி மாற்றவேண்டும், கறையானோடும் எலியோடும் ஓயாமல் போராடவேண்டும், நெருப்புக்கு அஞ்சவேண்டும். அதனாலேயே மக்கள் காரை வீட்டை நாடுகின்றனர். அரசாங்கமும் குடிசையில்லாத் தமிழகம் என்ற நோக்கத்தோடு, 2030-க்குள் 8 இலட்சம் கான்கிரீட்டு வீடுகள் கட்டும் 'கலைஞரின் கனவு இல்லம்' என்னும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என்பது அதன் அளவு. இத்தகைய உதவி பெற்றுக் கட்டுவோரும், சொந்தப் பணத்தில் கட்டுவோரும் ஆயிரக்கணக்கில் இருக்கும்பொழுது, பொருளைச் சோதிக்கும் அறிவு பொறியாளர் சிலரிடம் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கவேண்டும்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில், பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. 'வாலியர் வீடு' என்று அவற்றை மக்கள் அழைப்பர். இறந்தோர்க்காக எழுப்பிய அவ்வீடுகள் எத்தனையோ நூற்றாண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கின்றன. கட்டியவருக்குச் சிமெண்டு தெரியாது. ஆனால் எந்தக் கல் நிற்கும், எந்தக் கல் உதிரும் என்பது தெரிந்திருந்தது. நம் தொண்டை நாட்டுக் கருங்கல் உலகப் புகழ் பெற்றது. சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் ஒருவகைக் கல்லுக்கு 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலநூல் அறிஞர் 'சார்னோக்கைட்டு' என்று பெயரிட்டார். கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் அவ்வகையினது. அதனால் வந்த பெயர் அது.

கல்லைச் சோதிக்க எளிய வழிகள் மூன்று. சுத்தியால் தட்டினால் கணீரென்ற ஓசை வரவேண்டும். மந்தமான ஓசை வந்தால் உள்ளே பிளவு உண்டு என்று கொள்க. உடைத்த முகத்தைப் பார்த்தால் மணிகள் நெருங்கி, பளபளப்பாக இருக்கவேண்டும். மண் நிறமேறி மங்கியிருந்தால் அது வெயிலாலும் மழையாலும் நைந்த மேற்கல். மூன்றாவதாக, நகத்தாலோ கத்தி முனையாலோ கீறினால் பொடி உதிரக்கூடாது. என் நண்பர் தம் பட்டா நிலத்தில் உழவுக்காகத் தோண்டி ஒதுக்கிய கற்களைக் குவித்து வைத்திருந்தார். அவற்றில் ஐந்தில் ஒரு பங்கை நாங்கள் கழித்தோம். எஞ்சியவை அடித்தளத்துக்குத் தாராளமாகப் போதும். காட்டில் கல் எடுப்பதும் மரம் வெட்டுவதும் சட்டத்துக்கு மாறானவை. சொந்த நிலத்துக் கல்லோ தடையற்றது, வண்டிக் கூலியும் அற்றது. கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், வீட்டுக்குரிய பொருள் ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் முழுதும் போற்றினார். மலைமீது கட்டுவோர்க்கு இது வெறும் கொள்கையன்று. பணத்தைக் காக்கும் வழியும் ஆகும்.

அடுத்து, செங்கல். செங்கல் என்பது சுட்ட களிமண். ஏறத்தாழ 900 முதல் 1,000 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் களிமண்ணின் துகள்கள் ஓரளவு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் அது தண்ணீரில் கரைவதில்லை. வெப்பம் போதாமற் போனால், வெளியே செங்கல்லாகத் தோன்றினும் உள்ளே மண்ணாகவே நிற்கும். மிகுந்துபோனால் கோணலாகிக் கறுத்துவிடும். சூளையில் எங்கே அடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரே சூளையின் செங்கற்களிலும் வேற்றுமை உண்டு. ஆகவே குவியலின் மேலிருந்து இரண்டை எடுத்துப் பார்த்துத் திருப்தியடைவது தவறு. நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுக்கவேண்டும்.

இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் உலோக ஓசை எழவேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போட்டால் உடையக்கூடாது. இவை மூன்றும் கண நேரத்தில் செய்யக்கூடியவை. நான்காவது சோதனைக்கு ஒரு நாள் வேண்டும். உலர்ந்த செங்கல்லை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்திவைத்து, துடைத்து மறுபடியும் நிறுக்கவேண்டும். கூடிய எடை, உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது. உலர்ந்தபொழுது 3 கிலோகிராம் இருந்த செங்கல், நனைந்தபின் 3 கிலோ 600 கிராமுக்கு மிகக்கூடாது என்பது கணக்கு. மிகுதியாக நீர் குடிக்கும் செங்கல், சாந்திலுள்ள நீரையும் உறிஞ்சிச் சாந்தை வலுவிழக்கச் செய்யும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் பரப்பும். நல்ல செங்கல்லைக்கூடக் கட்டுமுன் தண்ணீரில் ஊறவைப்பதன் காரணமும் இதுவே.

ஐந்தாவதாக, உப்புச் சோதனை. ஒரு தட்டில் விரலகலம் நீர் ஊற்றிச் செங்கல்லை அதில் நிறுத்தி வைத்தால், நீர் மேலேறி வற்றும். வற்றியபின் வெள்ளைப் பூச்சு படிந்தால், களிமண்ணில் உப்பு இருந்தது என்று அறியலாம். அந்த உப்பே பின்னாளில் சுவரில் பூத்துச் சுண்ணாம்பை உரித்துத் தள்ளும். நண்பர் கீழ்நாட்டிலிருந்து ஏற்றி வந்த செங்கற்களில் இருபதைச் சோதித்தோம். இரண்டு தவிர மற்றவை தேறின. அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியது.

அந்த மகிழ்ச்சி மணலுக்கு வந்ததும் மறைந்தது. மலைமேல் மணல் அருமையானது. பாலாற்று மணலும் தென்பெண்ணை மணலும் வரம்பின்றி வாரப்பட்டு அருகிப்போன இந்நாளில், பெரும்பாலோர் கருங்கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்டு என்னும் செயற்கை மணலையே பயன்படுத்துகின்றனர். அதனை மலையேற்றும் வண்டிக் கூலிக்கு அஞ்சி, நண்பர் பக்கத்து ஓடையில் படிந்த மணலை அள்ளிக் குவித்திருந்தார். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் பார்வை இதில் உதவாது.

அவருடைய மகள் மலைமேலுள்ள பள்ளியில் பதினோராம் வகுப்பில் படித்துவந்தாள். அவளை அழைத்து, பக்கம் நேராக உள்ள ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். பாதி அளவு மணலிட்டு, முக்கால் அளவு வரை நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, நன்றாகக் குலுக்கி வைக்கச் செய்தேன். உப்பு, நீரில் மிதக்கும் வண்டல் துகள்களைத் திரளச் செய்து விரைவில் படியவைக்கும். மூன்று மணி நேரம் சென்றபின் பார்த்தால், அடியில் மணலும் அதன்மேல் மெல்லிய சேறும் தனித்தனி அடுக்காகத் தெரியும். சேற்றின் உயரம் மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்பட்டால் அந்த மணலை அப்படியே பயன்படுத்தலாகாது. அப்பெண் தன் அளவுகோலை வைத்து அளந்தாள். மணல் 10 சென்டிமீட்டர். சேறு 2 சென்டிமீட்டர். நூற்றுக்கு இருபது!

சேறு சிறிது இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சிமெண்டுப் பசை மணலின் ஒவ்வொரு மணியையும் பற்றிக்கொள்வதாலேயே சாந்து கெட்டிப்படுகிறது. மணியின்மேல் களிமண் மெல்லிய சட்டைபோல் போர்த்தியிருந்தால், சிமெண்டு அந்தச் சட்டையைத்தான் பற்றும், மணியைப் பற்றாது. எண்ணெய் பூசிய தாளில் ஒட்டிய பசை நிற்குமா? அதுபோலத்தான். ஓடை மணலைக் கழுவினால் சேறு போய்விடும். ஆனால் உழைப்பு வேண்டும். பூச்சுக்கும் கட்டுக்கும் கழுவிச் சலித்த ஓடை மணல், கூரைக் கான்கிரீட்டுக்கு மட்டும் கீழிருந்து எம்-சாண்டு என்று முடிவு செய்தோம். எம்-சாண்டில் கல் தூள் இயல்பாகவே சற்று மிகுதி. அதனை ஏற்கும் வரம்பும் வேறு. ஆயினும் கையில் பிடித்துப் பார்த்தால் மாவுபோல் ஒட்டாமல், நறநறவென்று இருக்கவேண்டும்.

மணல் வாங்குவோர் அறியவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. மணல் விற்பனையில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பர். சற்றே ஈரமான மணலில், மணிகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால், மணல் பருத்துக் காட்டும். நூற்றுக்கு 25 பங்கு பருத்த மணலாயின், 100 கன அடி என்று நீங்கள் வாங்குவதில் மெய்யான மணல் 80 கன அடியே. இதனை அறிய ஒரு வாளி போதும். ஈர மணலை வாளியில் தளர்வாக நிரப்பி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அதனை வெளியே கொட்டி, வாளியில் பாதி நீர் ஊற்றி, அதே மணலை மீண்டும் இட்டால், 20 சென்டிமீட்டர் இருந்த மணல் 16-க்கு இறங்கிவிடும். முழுதும் நனைந்தபின் நீர்ப்படலத்தின் இழுப்பு நீங்கிவிடுகிறது. வணிகர் ஏமாற்றாமலே நாம் ஏமாறும் இடம் இது. கலவையை வாளியால் அளப்போருக்கும் இக்கணக்கு இன்றியமையாதது.

கடற்கரை ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மணல் அழகாக இருக்கும். ஆனால் அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். இரும்பு துருவானால் முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மணலைக் கழுவிய நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை விட்டுப் பாருங்கள். வெண்மையான வீழ்படிவு உண்டானால் குளோரைடு உப்பு இருக்கிறது என்று பொருள்.

இனி, சிமெண்டு. ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலக் கொத்தனார் 1824-இல் காப்புரிமை பெற்ற பொருள் இது. அதற்கு முன் நம் நாட்டார் சுண்ணாம்பைக் கொண்டே கோட்டையும் கோபுரமும் எழுப்பினர். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்து அரைப்பது மரபு. சவ்வாது மலையில் பொறுக்கிய கடுக்காய் எத்தனை வீட்டுத் தளங்களுக்கு வலுவூட்டியதோ! சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். சிமெண்டோ நீரோடு கூடி, தன்னுள் நுண்ணிய படிகங்களைத் தோற்றுவித்து, அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் விரைவில் இறுகும். இங்கே ஓர் உண்மையை நினைவிற் கொள்ளவேண்டும். நீரோடு கூடினால் இறுகும் என்றால், அந்த நீர் நாம் ஊற்றிய நீராக இருக்கவேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரமும் நீரே.

நண்பர் ஆனி மாதத்தில், விலை சற்றுக் குறைந்திருந்த சமயம், 40 மூட்டை சிமெண்டு வாங்கி, மண் தரையுள்ள ஒரு கொட்டகையில் சுவரோரமாக அடுக்கியிருந்தார். நான் போன பொழுது நான்கு மாதங்களுக்கு மேலாகிவிட்டது. இடையில் மழைக்காலம் வேறு. மூட்டையின்மேல் எந்த வாரம், எந்த ஆண்டு நிரப்பியது என்று அச்சிட்டிருக்கும். முதலில் பார்க்கவேண்டியது அதுவே. நன்றாகக் காப்பாற்றிய சிமெண்டும் மூன்று மாதத்தில் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. ஈரக் காற்றில் கிடந்ததற்குக் கணக்கே இல்லை.

அப்பொழுது எனக்கு என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், ஊரில் ஒரு திண்ணைக்குச் சிறு கான்கிரீட்டுக் கூரை போடுவதை நான் மேற்பார்த்தேன். கட்டி விழுந்த சிமெண்டைச் சலித்துப் போட்டால் போதும் என்று கொத்தனார் சொன்னார். நானும் தலையசைத்தேன். ஓர் ஆண்டுக்குள் கூரை நடுவில் தொய்ந்து வெடித்தது. நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதனை இடிக்கும்பொழுது, உட்புறம் விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்ததை நான் கண்டேன். கொத்தனாரைக் குறைகூறிப் பயன் இல்லை. தெரிந்தவன் நான், தலையசைத்தவனும் நானே.

ஆதலின் இம்முறை ஒவ்வொரு மூட்டையையும் பார்ப்பதென்று உறுதிகொண்டேன். நல்ல சிமெண்டுக்கு அடையாளங்கள் இவை: பச்சை கலந்த சாம்பல் நிறம், கட்டியின்மை, கையை உள்ளே விட்டால் குளிர்ச்சி, இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவுபோன்ற வழவழப்பு. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவினால் சற்று மிதந்து பின் அமிழவேண்டும். கட்டி கண்டால், கையால் நசுக்கிப் பாருங்கள். நசுங்கும் கட்டி மேல்மூட்டையின் பாரத்தால் வந்ததாக இருக்கலாம். நசுங்காத கட்டி ஏற்கெனவே இறுகிப்போனது. இவ்வாறு பார்த்ததில், தரையையும் சுவரையும் ஒட்டியிருந்த 14 மூட்டைகள் கல்லாகிப் போயிருந்தன. எஞ்சிய 26 ஐயத்துக்கு உரியவை.

"ஐயா, தோட்டத்தில் ஒரு பருவம் முழுதும் உழைத்த கூலி இது" என்றார் நண்பர். மேலே ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உடனே விடை கூற வாய் வரவில்லை. சோதனை செய்து பார்த்துவிடுவோம் என்று மட்டும் சொன்னேன்.

ஐயமான மூட்டைகளில் ஒன்றிலிருந்தும், அன்று காலை கடையிலிருந்து வாங்கி வந்த புது மூட்டையிலிருந்தும் கைப்பிடி அளவு சிமெண்டு எடுத்து, கெட்டியாகக் குழைத்து, இரண்டு சிறு வில்லைகளாகக் கண்ணாடித் துண்டின்மேல் தட்டி, அசையாமல் தண்ணீருக்குள் இறக்கி வைத்தோம். மறுநாள் காலையில் எடுத்தபொழுது, புதுச் சிமெண்டு வில்லை விளிம்பு கலையாமல் இறுகியிருந்தது. பழையது பெருவிரலால் அழுத்தியதும் நொறுங்கியது. அதற்குமேல் நான் எதுவும் விளக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. நண்பர் அந்த நொறுங்கலைச் சிறிது நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கூரைக்குப் புதிது வாங்கிவிடுகிறேன்" என்றார். 26 மூட்டைகளையும் சலித்து, பாரம் தாங்காத தரைக்கு அடியில் இடும் மெலிந்த கலவைக்கென ஒதுக்கினோம். 14 மூட்டைகள் வீண்தான்.

சிமெண்டைக் காப்பது அரிதன்று. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேடை, சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கம், பத்து மூட்டைக்கு மேற்படாத அடுக்கு, மேலே தார்ப்பாய், முன்னே வந்ததை முன்னே எடுக்கும் ஒழுங்கு. எல்லாவற்றினும் மேலாக, வேலைக்கு வேண்டும் அளவே வாங்கும் பழக்கம். மலையில் மழைக்காலத்துக்கு முன் வாங்கிச் சேமிப்பது தானியத்துக்கு ஏற்ற முறை, சிமெண்டுக்கு ஏற்றதன்று.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். குடிக்கத் தகுந்த நீர் கட்டுவதற்கும் தகுந்தது என்பது நல்ல விதி. ஆனால் தரத்தினும் அளவு பெரிது. 1918-இல் டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், கான்கிரீட்டின் வலு, அதிலுள்ள நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதைக் காட்டினார். இறுகுவதற்கு வேண்டியதற்கு மேல் ஊற்றிய நீர், பின்னர் வற்றி, தான் இருந்த இடத்தில் துளைகளை விட்டுச் செல்கிறது. வீட்டுக் கூரைக்குரிய கலவையில் 50 கிலோகிராம் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் நீருக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. மணலில் உள்ள ஈரமும் அந்த முப்பதில் அடக்கம். தள்ளுவதற்கு எளிதாக இருக்கிறதென்று இன்னும் 10 லிட்டர் ஊற்றினால், வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய சிமெண்டை விலையில்லாத் தண்ணீரால் கெடுப்பது எத்தனை பரிதாபம்!

கடைசியாக, இரும்புக் கம்பி. கான்கிரீட்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. கூரைப் பலகை தன் பாரத்தால் வளையும்பொழுது அதன் அடிப்புறம் இழுபடுகிறது. அங்கே இரும்பு இருந்து காக்கிறது. ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1867-இல் சிமெண்டுத் தொட்டிகளுக்குள் கம்பிவலை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அத்தொட்டியின் வழிவந்ததே நம் தலைக்கு மேலுள்ள கூரை. வெப்பத்தால் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நீள்வது இயற்கை நமக்குச் செய்த உதவி. இல்லையேல் கோடைதோறும் அவை பிரிந்துவிடும்.

கம்பியில் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1947-இல் தோன்றி, 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை அது. பிறகு எடை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 100-ஐ 162-ஆல் வகுக்க 0.617. கம்பியின் நீளம் 12 மீட்டர். ஆகவே எடை 7.4 கிலோ. நூற்றுக்கு 7 பங்கு வரை வேற்றுமை ஏற்கத்தக்கது. நிறுத்தபொழுது ஆறரைக் கிலோ இருந்தால், அது மெய்யாக 10 மில்லிமீட்டர் கம்பியன்று; 9.4 மில்லிமீட்டர்தான். வளைத்துப் பார்த்தால் வளைவின் வெளிப்புறத்தில் வெடிப்புத் தோன்றக்கூடாது. மேலே படியும் இளந்துரு தீங்கு செய்யாது. செதிலாக உரியும் துருவும், எண்ணெயும், மண்ணும் ஆகாதவை.

பொருள் நன்றாக இருந்தால் மட்டும் வீடு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நிலம், வடிவமைப்பு, வேலைத்திறம் எல்லாம் பொருந்தவேண்டும். 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டதை நாடு மறக்கவில்லை. கட்டடத்தில் நேரும் பிழைக்கு விலை கொடுப்பவர், பெரும்பாலும் அப்பிழையைச் செய்தவர் அல்லர்.

புதூர்நாட்டு வீட்டுக்குத் தை மாதத்தில் கூரை போட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினர். நான் அப்பொழுது போக இயலவில்லை. பங்குனியில் சென்றபொழுது, நண்பரின் மகள் தன் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் தேதி வாரியாக மணலின் உயரம், சேற்றின் உயரம், கம்பியின் எடை, சிமெண்டு மூட்டையின் வாரம் எல்லாம் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் 'திருப்பி அனுப்பியது' என்று இருந்தது. என்னவென்று கேட்டேன். கூரைக்கு வந்த எம்-சாண்டு வண்டி ஒன்றில் வெறும் கல் தூளே மிகுந்திருந்ததாம். வண்டி மலையேறி வந்துவிட்டதே என்று தந்தை தயங்கினாராம். அவள் புட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துச் சோதித்து, ஓட்டுநர் கண்முன்னே அளந்து காட்டினாளாம். வண்டி திரும்பிப் போயிற்று. மறுநாள் நல்ல மணல் வந்தது. "என் பேச்சை அவர் கேட்கவில்லை ஐயா, புட்டியைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்" என்றாள் அவள்.

மாணவ நண்பர்களே, அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்தின் கதவுக்குள் அடைந்து கிடப்பதன்று. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கட்டட வேலை நடக்கும்பொழுது, ஒரு கண்ணாடிப் புட்டியும், ஓர் அளவுகோலும், ஒரு தராசும், ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குங்கள். பெரியவர்கள் முதலில் சிரிக்கக்கூடும். அளந்த அளவைக் காட்டுங்கள். பொருள் சுவருக்குள் மறைவதற்கு முன் அதைக் கேள்வி கேட்டுவிடவேண்டும். மறைந்தபின் அது நம்மிடம் பேசாது.